ஐந்து பேர் விழுந்தாலும் நெக்ரோஸ்மா விழும்

வாசகர் கேள்வி-பதில்: பாஸ் சண்டைகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஆளைப் பற்றியவை. 2017 நவம்பரில் வெளியான போக்கிமான் அல்ட்ரா சன், அல்ட்ரா மூன் என்ற இரண்டு வீடியோ கேம்களிலும் மெகாலோ டவரில் வந்து நிற்கும் அல்ட்ரா நெக்ரோஸ்மா. எனவே பாதிக்கு மேல் இடம் அதற்கே. மிச்சத்தில் மற்றவர்கள்.

கேள்வி: என் அணியில் ஆறு பேரும் லெவல் 58-லிருந்து 60 வரை. நெக்ரோஸ்மாவும் லெவல் 60-தான். ஆனாலும் ஒவ்வொருவரும் ஒரே அடியில் காலி. லெவல் 70 வரை ஏற்றிக்கொண்டு வந்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. திரையில் காட்டும் 60 என்ற எண்ணை நம்பியதுதான் கோளாறு. அல்ட்ரா நெக்ரோஸ்மாவின் அடிப்படை ஸ்டாட்களை, அதாவது அதன் வலிமையைச் சொல்லும் எண்களை, கூட்டினால் 754 வரும். அதில் அட்டாக் 167, ஸ்பெஷல் அட்டாக் 167, வேகம் 129. இது போதாதென்று, சண்டை தொடங்கும்போதே அதைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் எழுந்து, ஐந்து ஸ்டாட்களும் ஒரு படி ஏறிவிடும். ஒரு படி என்றால் ஒன்றரை மடங்கு. ஆகவே லெவல் 60-ல் நின்றுகொண்டு, கிட்டத்தட்ட லெவல் 90-க்குரிய அட்டாக்கோடு அடிக்கிறது.

வேகத்தில் முந்திவிடலாம் என்ற கணக்கும் தேறாது. லெவல் 60-ல் அதன் வேகம் ஏறத்தாழ 160-லிருந்து 178 வரை இருக்கும். ஒன்றரை மடங்கானால் 240-க்கும் 267-க்கும் இடையில். அடிப்படை வேகம் 100 உள்ள ஒரு போக்கிமானுக்கு, வேகத்தில் முழுப் பயிற்சியும் கொடுத்து லெவல் 60-க்குக் கொண்டுவந்தால்கூட 181-தான். வேகத்தை ஒன்றரை மடங்காக்கும் சாய்ஸ் ஸ்கார்ஃப் என்ற ஐட்டத்தை மாட்டினால் 271 வரும், அதுவும் மயிரிழையில். பத்து லெவல் ஏற்ற நீங்கள் செலவிடும் மணிக்கணக்கான நேரத்துக்கு இங்கே பலன் மிகக் குறைவு.

லெவலை விட்டுவிட்டு, அதன் கையில் இருக்கும் நான்கு மூவ்களை, அதாவது தாக்குதல்களை, பாருங்கள். ஃபோட்டான் கெய்சர் சைக்கிக் வகை, பவர் 100. டிராகன் பல்ஸ், 85. பவர் ஜெம் ராக் வகை, 80. ஸ்மார்ட் ஸ்ட்ரைக் ஸ்டீல் வகை, 70, குறி தப்பாது. ஐந்தாவது மூவ் எதுவும் கிடையாது. நெக்ரோஸ்மா சைக்கிக்கும் டிராகனும் சேர்ந்த பிறவி. அதனால் அதற்குப் பலவீனமான வகைகள் ஆறு: பக், கோஸ்ட், டிராகன், டார்க், ஐஸ், ஃபேரி. இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐஸைக் கொண்டுபோனால் பவர் ஜெம்மும் ஸ்மார்ட் ஸ்ட்ரைக்கும் காத்திருக்கின்றன. பக்குக்குப் பவர் ஜெம், ஃபேரிக்கு ஸ்மார்ட் ஸ்ட்ரைக், டிராகனுக்கு டிராகன் பல்ஸ். போதாக்குறைக்கு நியூரோஃபோர்ஸ் என்ற ஏபிலிட்டி (பிறவித் திறன்) வேறு: பலவீனமான வகைமேல் விழும் இரட்டை அடியை இன்னும் கால் பங்கு கூட்டி இரண்டரை மடங்காக்கும். பலவீனத்தைத் தேடிப் போகிறவனையே அடிக்க அமைத்த வலை இது. அந்த வலையில் ஓட்டை இரண்டே இடத்தில்: கோஸ்ட், டார்க். இவை இரண்டையும் இரட்டிப்பாய் அடிக்க அந்த நான்கில் ஒன்றுமில்லை. டார்க்குக்கு இன்னொரு லாபமும் உண்டு, ஃபோட்டான் கெய்சர் அதன்மேல் படவே படாது.

கேள்வி: மிமிக்யூவை முதலில் இறக்கினேன். அதன் டிஸ்கைஸ் முதல் அடியை வாங்கிக்கொள்ளும், அதற்குள் ஓர் அடி கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். டிஸ்கைஸ் வேலையே செய்யவில்லையே, விளையாட்டில் பிழையா?

பதில்: பிழையில்லை. ஃபோட்டான் கெய்சர் எதிரியின் ஏபிலிட்டியைப் பொருட்படுத்தாமல் அடிக்கும் மூவ். டிஸ்கைஸ் மட்டுமல்ல, ஒரே அடியில் விழாமல் காக்கும் ஸ்டர்டியும் அதன் முன் செல்லாது. மிமிக்யூ பாதி ஃபேரி என்பதால் ஸ்மார்ட் ஸ்ட்ரைக்கும் இரண்டரை மடங்கு. டிராகன் பல்ஸ் அதைத் தொடாது என்பது ஒன்றே ஆறுதல், அந்த ஒன்றை வைத்துக்கொண்டு இங்கே பிழைப்பு நடக்காது. ஏபிலிட்டிக்குப் பதில் ஐட்டத்தை நம்புங்கள். ஃபோகஸ் சாஷ் ஐட்டம் என்பதால் ஃபோட்டான் கெய்சருக்கும் ஈடு கொடுக்கும். முழு எச்பியில் (உயிர்ப்புள்ளியில்) இருந்தால் எந்த அடிக்கும் 1 எச்பியோடு நிற்க வைக்கும்.

கேள்வி: நேர்மையாக, கை கோத்து நின்று அடித்து ஜெயிக்க வழி இருக்கிறதா? தந்திரம் வேண்டாம்.

பதில்: இருக்கிறது, ஸ்டீல். மேலே சொன்ன நான்கு மூவ்களும் ஸ்டீல்மேல் பாதிதான். மேக்னஸோன், மெட்டாக்ராஸ் இரண்டும் நான்கையுமே பாதியாகவோ கால் பங்காகவோ வாங்கும். மேக்னஸோன் எளிது. மேக்னமைட் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கிடைக்கும், லெவல் 30-ல் மேக்னெட்டான். வாஸ்ட் போனி கேன்யனில் ஒரு லெவல் ஏறினால் மேக்னஸோன். நெக்ரோஸ்மாவிடம் வருகிறவர் அந்தக் கேன்யனைத் தாண்டித்தான் வந்திருப்பார்.

ஆனால் பாதி அடி என்றால் லேசான அடி என்று எண்ணிவிடாதீர்கள். பயிற்சி எதுவும் கொடுக்காத லெவல் 60 மேக்னஸோன்மேல் ஃபோட்டான் கெய்சர் விழுந்தால், எச்பியில் பாதிக்கு மேல் போகும். ஒன்று தாங்கும், இரண்டாவது தாங்காது. அந்த ஒரு சுற்றில் செய்ய வேண்டியது, எதிரிக்குப் பாராலிசிஸ் (முடக்கம்) கொடுக்கும் தண்டர் வேவ். இந்த ஆட்டங்கள் சேர்ந்த ஏழாம் தலைமுறையில் பாராலிசிஸ் வேகத்தைப் பாதியாக்கும். 267 வேகம் 133 ஆகிவிடும். இப்போது அடிப்படை வேகம் 100-ஐ ஒட்டிய உங்கள் ஆட்கள் முந்தத் தொடங்குவார்கள். நான்கில் ஒரு முறை நெக்ரோஸ்மா அசையாமல் நிற்கவும் கூடும். தண்டர் வேவ் பத்தில் ஒருமுறை தப்பும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தப்பினால் அடுத்த சுற்றில் மேக்ஸ் போஷன் ஊற்றிப் பிடிவாதம் பிடிப்பதைவிட, மேக்னஸோனை விழவிட்டு அடுத்தவரை இறக்குவது மேல். ஏனெனில் ஊற்றுகிற மருந்தைவிட அது தரும் அடி சற்றே குறைவு, அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றும் மருந்திலேயே போய்விடும்.

பாராலிசிஸ் பிடித்தபின் டார்க் வகை ஒருவர் வந்து முடிக்கலாம். உலா உலா தீவில் நானுவை வென்றபோது கிடைத்த டார்க்கினியம் இசட், அதாவது டார்க் மூவை வலுவான இசட் மூவாக்கும் கல், இன்னும் பையில் தூங்கிக்கொண்டிருந்தால் எடுத்து மாட்டுங்கள். 80 அல்லது 85 பவர் உள்ள டார்க் மூவ் இசட் மூவாக மாறும்போது 160 ஆகும்.

கேள்வி: ஸோரோவார்க்கை வைத்து அதை ஏமாற்றலாம் என்கிறார்கள். நான் செய்தபோது முதல் சுற்றிலேயே டிராகன் பல்ஸ் விட்டது. எங்கே தவறு?

பதில்: உங்கள் அணியில் கடைசியாக யார் இருந்தார் என்று எழுதவில்லை. தவறு பெரும்பாலும் அங்கேதான்.

ஸோருவா, ஸோரோவார்க் இரண்டுக்கும் இல்யூஷன் என்ற ஏபிலிட்டி உண்டு. அணியில் கடைசி இடத்தில் மயங்காமல் இருப்பவரின் உருவத்தோடு களமிறங்கும். நெக்ரோஸ்மாவை ஆட்டுவிக்கும் கணினியும் அந்த உருவத்தைத்தான் பார்க்கிறது. சைக்கிக்குக்குப் பலவீனமான ஒருவரின் வேடம் என்றால், ஃபோட்டான் கெய்சர்தான் ஆக வலுவான அடி என்று தீர்மானித்து அதையே விடும். உள்ளே இருப்பதோ டார்க். அடி படாது. அடி படாததால் வேடமும் கலையாது. அடுத்த சுற்றிலும் அதே கதை. சுட்டாலும் புத்தி வராத பிறவி.

ஆகவே கடைசி இடத்துக்கு ஆள் தேர்வதில்தான் சூட்சுமம். சைக்கிக்குக்கு மட்டும் பலவீனமாக இருக்க வேண்டும். ராக், டிராகன், ஸ்டீல் மூன்றுக்கும் பலவீனம் கூடாது. டெண்டாக்ரூயல், டாக்ஸபெக்ஸ், ஹரியாமா மூவரும் பொருத்தம். குரோபாட் விஷ வகைதானே என்று வைத்தால் அதன் பறக்கும் பாதி ராக்குக்குப் பலவீனம், பவர் ஜெம் வர வாய்ப்பு. சலாஸிலின் நெருப்புப் பாதிக்கும் அதே ஆபத்து. எல்லாவற்றையும்விடப் பலர் விழும் குழி அலோலா மக். விஷ வகைதான், ஆனால் கூடவே டார்க்கும். அந்த வேடத்தைப் பார்த்தால் நெக்ரோஸ்மா ஃபோட்டான் கெய்சரைத் தொடவே தொடாது. நேராக டிராகன் பல்ஸ். உங்கள் கடிதத்தில் சொன்னது அப்படியே இதுதான்.

ஆள் சரியாக அமைந்துவிட்டால் அவசரப்படாதீர்கள். முதல் மூன்று சுற்றுகளில் எக்ஸ் ஸ்பெஷல் அட்டாக் மூன்றைக் கொடுங்கள். ஏழாம் தலைமுறையிலிருந்து ஒவ்வொன்றும் இரண்டு படி ஏற்றும், மூன்றில் உச்சமான ஆறு படி. அதே இரண்டு படி ஏற்றும் நாஸ்டி பிளாட் என்ற மூவ் தெரிந்திருந்தால் ஐட்டம்கூட வேண்டாம். பிறகு டார்க் பல்ஸ். நெக்ரோஸ்மாவின் தற்காப்பும் ஒரு படி ஏறியிருப்பதால், ஏற்றாமல் அடித்தால் ஓர் அடியில் முடியாமல் போகலாம். முடியாவிட்டாலும் அது திருப்பி அடிப்பது ஃபோட்டான் கெய்சர்தான் என்றாலும், அந்தத் துணிச்சல் எதற்கு? மூன்று ஐட்டம் மலிவு.

கேள்வி: என்னிடம் ஸோருவா இல்லை, நல்ல ஸ்டீலும் இல்லை. ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். உங்கள் அணி எவ்வளவு நோஞ்சானாக இருந்தாலும் செல்லுபடியாகும் கணக்கு ஒன்று உண்டு. தேவை: ஒரு சலாஸில், ஒரு ஃபோகஸ் சாஷ், நிற்கத் தெரிந்த இன்னும் ஐந்து பேர். அவ்வளவே.

சலாண்டிட் லெவல் 29-ல் டாக்ஸிக் கற்கும். பெண்ணாக இருந்தால் மட்டுமே 33-ல் சலாஸிலாக மாறும், பிடிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். சலாஸிலே ஏன்? டாக்ஸிக் வேறு யார் விட்டாலும் பத்தில் ஒருமுறை தப்பும், விஷ வகை விட்டால் தப்பாது. இந்தத் திட்டத்தில் தப்பக்கூடாத ஒரே மூவ் அதுதான்.

டாக்ஸிக் விஷம் சுற்றுக்குச் சுற்று ஏறும். முதல் சுற்றின் முடிவில் மொத்த எச்பியில் 16-ல் 1 பங்கு, அடுத்து 2 பங்கு, பிறகு 3, 4, 5, 6. கூட்டிக்கொண்டே வாருங்கள்: 1, 3, 6, 10, 15, 21. ஐந்தாம் சுற்றின் முடிவில் 16-ல் 15 பங்கு போயிருக்கும். ஆறாம் சுற்றின் முடிவில் எதுவும் மிஞ்சாது.

இனி உங்கள் பக்கம். முதல் சுற்றில் நெக்ரோஸ்மா முந்தி அடிக்கும்; சாஷ் காப்பாற்ற, சலாஸில் 1 எச்பியோடு டாக்ஸிக் விடும். இரண்டாம் சுற்றில் சலாஸில் விழும். மூன்றாம் சுற்றில் இரண்டாமவர், நான்கில் மூன்றாமவர், ஐந்தில் நான்காமவர், ஆறில் ஐந்தாமவர். சுற்றுக்கு ஒருவர் வீதம் எல்லோரும் ஒரே அடியில் விழுந்தாலும், ஆறாம் சுற்று முடியும்போது உங்கள் ஆறாவது ஆள் பந்துக்குள் பத்திரமாக இருக்கிறார், நெக்ரோஸ்மா கீழே கிடக்கிறது. ஒருவராவது ஓர் அடியைத் தாங்கினால், அல்லது ஒருவருக்கு அடியைத் தடுக்கும் புரொடெக்ட் தெரிந்திருந்தால், அந்தச் சுற்று இலாபம். விஷம் ஏறும் நடுவில் யாராவது 16-ல் 1 பங்கு எச்பியைக் குறைத்துவிட்டால், சண்டை ஐந்தாம் சுற்றிலேயே முடிந்துவிடும். விழுந்தவரை எழுப்பும் ரிவைவ் பையில் இருந்தால் இன்னும் நிம்மதி.

கெடுவது எங்கே? ஒன்று, சலாஸில் முழு எச்பியில் இல்லாமல் களமிறங்குவது. முந்தைய சண்டையில் ஒரு புள்ளி குறைந்திருந்தாலும் சாஷ் வேலை செய்யாது. இரண்டு, சலாஸிலை முதலிடத்தில் வைக்க மறந்து, இடையில் மாற்றி இறக்குவது. மாறி வரும்போதே ஓர் அடி விழும், சாஷ் அங்கேயே கழன்றுவிடும், டாக்ஸிக் விடும் முன் இரண்டாவது அடி. மூன்று, டாக்ஸிக் ஏறிய பிறகு ஆசையில் ஸ்போர், தண்டர் வேவ் எல்லாம் விட்டுப் பார்ப்பது. ஒருவருக்கு ஒரு பெரிய கோளாறுதான் இருக்க முடியும், விஷம் இருக்கும்போது தூக்கமோ பாராலிசிஸோ ஒட்டாது. சுற்று வீண். உங்கள் ஆளை மாற்றினால் நெக்ரோஸ்மாவின் விஷக் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். தொடங்காது. அதன் கணக்கு அது மாறினால்தான் கலையும், அதற்கு மாற ஆளில்லை.

கேள்வி: டெஸ்டினி பாண்ட் பலிக்குமா?

பதில்: பலிக்கும். விட்டவரை வீழ்த்துகிறவரையும் கூடவே வீழ்த்தும் மூவ் அது, கெங்கர் அடங்கிய காஸ்ட்லி குடும்பத்துக்கு லெவல் ஏறும்போதே வரும். சாஷ் மாட்டிய கெங்கர் முதல் அடியை 1 எச்பியோடு தாங்கி டெஸ்டினி பாண்ட் விட, அடுத்த சுற்றில் நெக்ரோஸ்மா முந்தி அடித்து கெங்கரைக் கொல்லும்போது தானும் விழும். இங்கே அது உங்களைவிட வேகமாக இருப்பதுதான் உங்களுக்கு நல்லது. டெஸ்டினி பாண்ட், நீங்கள் அடுத்த மூவ் விடும்வரைதான் நீடிக்கும். ஆகவே முன்னாலேயே பாராலிசிஸ் கொடுத்து அதன் வேகத்தைக் குறைத்திருந்தால், கெங்கர் முந்தி அசைந்து, தன் கட்டைத் தானே அவிழ்த்துக்கொள்ளும். இரண்டு திட்டத்தைக் கலக்காதீர்கள்.

கேள்வி: போக்கிமான் ஹார்ட்கோல்டில் ஜிம் தலைவி விட்னியின் மில்டாங்க். மூன்றாவது ஜிம்மிலேயே மாட்டிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கம் எதற்கு, 1999-ல் கோல்ட், சில்வர் வந்த நாளிலிருந்தே இந்தப் பசு பலரை அழவைத்திருக்கிறது. அங்கே லெவல் 20. ஹார்ட்கோல்ட், சோல்சில்வரில் லெவல் 19, ஆனால் கூடுதல் கொடுமையோடு.

நான்கு மூவ்கள்: ரோலவுட், அட்ராக்ட், ஸ்டாம்ப், மில்க் டிரிங்க். ரோலவுட் ஒவ்வொரு சுற்றும் இரட்டிக்கும்: 30, 60, 120, 240, 480. ஐந்து சுற்று முடிந்தால் மீண்டும் 30. முதல் இரண்டு சுற்றில் உங்களுக்கு வலிக்காததால் அசட்டையாக இருந்துவிடுகிறீர்கள், மூன்றாவதில் இடி விழுகிறது. பாதி அடித்ததும் மில்க் டிரிங்க் பாதி எச்பியைத் திருப்பிக் கொடுத்துவிடும். உங்கள் ஆள் ஆணாக இருந்தால் அட்ராக்ட் பிடித்து, பாதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கோஸ்ட்டை இறக்கி ஸ்டாம்பைத் தவிர்க்கலாம் என்ற பழைய யோசனை கோல்ட், சில்வரில் சரி. ஹார்ட்கோல்டில் இந்தப் பசுவுக்கு ஸ்கிராப்பி ஏபிலிட்டி, நார்மல் அடியும் கோஸ்ட்டைத் தொடும். தூங்க வைத்தால் லம் பெர்ரி தின்று எழும். அது ஒருமுறைதான், இரண்டாவது முறை தூக்கம் நிற்கும்.

மருந்து பக்கத்திலேயே இருக்கிறது. விட்னியின் ஊரான கோல்டன்ராடுக்குத் தெற்கே ரூட் 34-ல் டிரௌஸி பிடியுங்கள். டிபார்ட்மெண்ட் ஸ்டோரின் ஐந்தாம் மாடியில் அதைக் கொடுத்தால் மச்சாப் தருவார்கள். அது பெண், ஆகவே அட்ராக்ட் பலிக்காது. ஃபைட்டிங் வகை என்பதால் ரோலவுட் பாதிதான். மாற்றி வாங்கிய போக்கிமானுக்கு அனுபவப் புள்ளி ஒன்றரை மடங்கு, சீக்கிரம் வளரும். மில்டாங்க் 75.5 கிலோ என்பதால் லோ கிக் 80 பவரோடு விழும், இரட்டிப்பாக. இதோடு ஒரு பெண் ஜியோட்யூடையும் வைத்துக்கொள்ளுங்கள், ரோலவுட், ஸ்டாம்ப் இரண்டுமே அதற்குப் பாதி. ரோலவுட் மூன்றாம் சுற்றுக்கு வரும்போது ஜியோட்யூடை முன்னே விடுவதும், கணக்கு திரும்பவும் 30-க்கு வந்ததும் மச்சாப்பை இறக்குவதும் நல்ல பழக்கம். ரோலவுட் ஒருமுறை குறி தப்பினாலும் 30-க்குத் திரும்பும் என்பதால், கண்ணில் மண்ணைத் தூவும் சாண்ட் அட்டாக் போன்ற மூவ்கள் இங்கே தங்கம்.

கேள்வி: 2021-ல் வந்த பிரில்லியண்ட் டைமண்டில் சாம்பியன் சிந்தியாவின் கார்சோம்ப். ஐஸ் பீம் நான்கு மடங்கு என்று நம்பி அடித்தேன், விழவில்லை.

பதில்: அதன் கையில் யாச்சே பெர்ரி இருக்கிறது. ஐஸின் முதல் அடியைப் பாதியாக்கிவிட்டுத்தான் தீரும். லெவல் 66, பிறவி ஸ்டாட்களும் பயிற்சியும் முழுமை. அது நின்றுவிட்டால் அடுத்த அடி உங்களுக்குத்தான். யாச்சே பெர்ரி ஐஸை மட்டுமே தடுக்கும். ஃபேரி வகை அடி இரட்டிப்பாகவே விழும். இல்லை, ஐஸ்தான் வேண்டும் என்றால், முந்தி விழும் ஐஸ் ஷார்டால் பெர்ரியைத் தின்ன வைத்துவிட்டு, அடுத்ததை நான்கு மடங்காக விடுங்கள்.

அதன் மூவ்கள் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ், டிராகன் கிளா, எர்த்குவேக், பாய்சன் ஜாப். இந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஒரு பெயர் நினைவுக்கு வர வேண்டும்: மிதக்கவைக்கும் லெவிட்டேட் ஏபிலிட்டி உள்ள பிரான்ஸாங். எர்த்குவேக் படாது, பாய்சன் ஜாப் படாது, டிராகன் கிளா பாதி. பிரான்ஸாங்காக மாறும் பிரான்ஸருக்கு அதற்குப் பதில் ஹீட்ப்ரூஃப் ஏபிலிட்டி வரக்கூடும், அது வந்தால் எர்த்குவேக்கில் பணால்; பிடித்ததும் சரிபாருங்கள். லெவல் 60 பிரான்ஸாங்மேல் முதல் டிராகன் கிளா மூன்றில் ஒரு பங்கு எடுக்கும், ஒரு ஸ்வோர்ட்ஸ் டான்ஸுக்குப் பிறகு மூன்றில் இரண்டு. இரண்டு முறை ஆடவிட்டால் பிரான்ஸாங்கும் போய்விடும். ஆகவே வந்த சுற்றிலேயே அடியைக் குறைக்கும் ரிஃப்ளெக்ட், பிறகு தூங்கவைக்கும் ஹிப்னாஸிஸ். பிரான்ஸாங்கால் கார்சோம்பைக் கொல்ல முடியாது, கைரோ பாலுக்கே நான்கு அடி பிடிக்கும். கட்டி வைப்பது அதன் வேலை, முடிப்பது ஃபேரியின் வேலை.

அதே அணியின் மைலாட்டிக்கைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஃப்ளேம் ஆர்ப் வைத்துத் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும், அதனால் மார்வெல் ஸ்கேல் கிளம்பித் தற்காப்பு ஒன்றரை மடங்கு. ஸ்பெஷலில் அடித்தால் மிர்ரர் கோட் இரட்டிப்பாய்த் திருப்பும். ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பதால் விஷமும் தூக்கமும் ஒட்டாது. ஸ்பெஷலில் அடிப்பதானால் ஒரே அடியில் முடிகிற அளவுக்கு ஏற்றிக்கொண்டு அடியுங்கள். அரைகுறையாக அடிப்பதுதான் ஆபத்து. முதலில் வரும் ஸ்பிரிட்டோம்புக்கு ஃபேரி ஒன்றே பலவீனம்.

கேள்வி: மவுண்ட் சில்வரில் ரெட். லெவல் 88 பிக்காச்சுவா?

பதில்: ஹார்ட்கோல்ட், சோல்சில்வரில் ஆம். மற்றவர்கள் 80-லிருந்து 84. மலை உச்சியில் எப்போதும் ஆலங்கட்டி மழை. அதில் பிளிஸர்ட் தப்பவே தப்பாது, ஒவ்வொரு சுற்றும் ஐஸ் அல்லாதவர் எச்பி 16-ல் 1 பங்கு குறையும். ஃபோகஸ் சாஷை நம்பிப் போகிறவர் இங்கே ஏமாறுவார், முதல் சுற்றின் முடிவிலேயே ஆலங்கட்டி அதைச் செல்லாக்காசாக்கிவிடும். சன்னி டே அல்லது ரெயின் டான்ஸால் வானிலையை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். பிக்காச்சுவுக்கு ஒரு கிரவுண்ட் வகை போதும், ஆனால் லாப்ராஸும் பிளாஸ்டாய்ஸும் பிளிஸர்டோடு வரும்வரை அவரை வெளியே விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: ஸ்கார்லெட், வயலட்டில் நால்வர் சேர்ந்து ஒரு பாஸை அடிக்கும் ஏழு நட்சத்திர டெரா ரெய்டு. நான்கு பேரும் லெவல் 100. ஆனாலும் நேரம் தீர்ந்துவிடுகிறது.

பதில்: நேரம் தீர்வதற்கு அடி போதாதது மட்டும் காரணமல்ல, யாராவது விழும்போதெல்லாம் நேரத்தில் ஒரு துண்டு வெட்டுப்படும். நான்கு பேரில் ஒருவர் விழுந்து விழுந்து எழுவதைவிட, அவர் வராமலே இருந்தால் அணிக்கு லாபம். தாக்குப்பிடிக்காத வகையோடு வருகிறவரிடம் இதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பாதி எச்பியைக் கொடுத்துப் பெல்லி டிரம் விட்டு அட்டாக்கை உச்சத்துக்கு ஏற்றி அடிப்பதுதான் பலரும் செய்வது. அயர்ன் ஹேண்ட்ஸ் டிரெயின் பஞ்சால் தன் எச்பியையும் மீட்டுக்கொள்ளும் என்பதால் பிரபலம். கெடுவது நேரக்கணக்கில். பாஸ் நடுவே உங்கள் ஏற்றங்களை எல்லாம் அழிக்கும். அழிப்பதற்கு முந்தைய சுற்றில் பெல்லி டிரம் விட்டால், பாதி எச்பியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பீர்கள். பாஸ் எந்தக் கட்டத்தில் அழிக்கிறது என்று முதல் முயற்சியில் பார்த்து வைத்துக்கொண்டு, இரண்டாம் முயற்சியில் அழித்த பிறகே டிரம் அடியுங்கள். பாஸுக்குக் கேடயம் வந்தபின், டெரா (படிக உருமாற்றம்) ஆகாதவரின் அடி மிகவும் மங்கிவிடும். டெரா ஆவதற்கு நீங்கள் மூன்று முறை தாக்கியிருக்க வேண்டும். எனவே ஏற்றிக்கொண்டே மட்டும் இருக்காமல், கேடயத்துக்கு முன் அந்த மூன்று தாக்குதலையும் முடித்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் உற்சாகக் குரல் மூன்று முறை. எச்பி ஏற்றும் குரலை நால்வரும் ஒரே சுற்றில் கொடுத்து வீணாக்குவதுதான் வழக்கமாக நடக்கிறது. யார் எப்போது என்று உள்ளே போகும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.